ஒப்பீடும் உள்ளமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறரோடு தம்மை ஒப்பிட்டுக் கொள்ளும் மனத்தைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் பணித்துள்ளனர். 34 ஆண்டுகள் கணக்காசிரியனாக இருந்தவன் நான். பிள்ளைகளை எண்ணால் அளந்தே ஊதியம் பெற்றவன். ஆகவே இத்தலைப்பில் பேசத் தகுதி உண்டோ இல்லையோ, அனுபவம் உண்டு.

1954ஆம் ஆண்டு லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இது குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தன் திறமை எத்தகையது, தன் கருத்து சரியானதா என அறியும் வேட்கை ஒவ்வொருவருக்கும் உண்டு. அளப்பதற்குப் புறத்தே கருவி இல்லாதபோது மனிதன் பிறரையே அளவுகோலாகக் கொள்கிறான் என்பது அவர் கூற்று. ஒரு மூட்டை நெல்லின் எடையைத் தராசு சொல்லிவிடும். நான் நல்ல தந்தையா, என் வாழ்வு சிறந்ததா என்பதற்குத் தராசு ஏது? அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அவர் கூறிய மற்றொன்றும் கருதத்தக்கது. நம்மினும் மிகத் தொலைவில் உள்ளாரோடு நாம் பெரும்பாலும் ஒப்பிடுவதில்லை. கோடீசுவரர் மாளிகை கட்டினால் செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைக்கிறோம். பங்காளி மாடி எடுத்தால் உறக்கம் கெடுகிறது. நம்முடையது சிறிய சமுதாயம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. எனவே இந்நோய்க்கு நம்மிடையே இடம் சற்று அதிகம்.

1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் பதக்கம் வென்றோரின் முகங்களை ஆராய்ந்து, 1995இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் ஒரு முடிவை வெளியிட்டனர். போட்டி முடிந்த கணத்தில் அவர்கள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சிக்கு, படக்காட்சியைப் பார்த்தோர் பத்துக்கு இத்தனை என மதிப்பிட்டனர். மூன்றாமிடம் பெற்று வெண்கலம் வென்றோர்க்குச் சராசரியாக 7.1, இரண்டாமிடம் பெற்று வெள்ளி வென்றோர்க்கு 4.8 மட்டுமே! வெள்ளி பெற்றவன் நழுவிப்போன பொன்னை நோக்குகிறான். வெண்கலம் பெற்றவன் ஒன்றும் பெறாத நான்காமவனை நோக்குகிறான். உலகில் இரண்டாமவன் என்னும் பேறு கையில் இருந்தும் கண்ணில் இல்லை.

நம் ஆன்றோர் இதனை அறியாதவர் அல்லர். அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் நற்காட்சிக்கு இடையூறாக எட்டு மதங்களைக் கூறுகின்றன: அறிவு, பூசனை, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம், உடல்வடிவு. எட்டும், ஒருவன் மற்றொருவன் அருகில் நின்று தன்னை அளந்து பார்க்கக்கூடியவை. இவற்றுள் தவத்தையும் சேர்த்தனரே, அதுதான் என்னை வியக்கச் செய்வது. உபவாசம் இருக்கும்போதே, 'அவர் எத்தனை நாள் இருந்தார்?' என வினவும் மனம் நமக்குப் புதிதன்று. வேறிடம் போவானேன்? விழா மலர் கைக்கு வந்ததும் நன்கொடையாளர் பட்டியலில் தம் பெயர் எத்தனையாவது என்று பார்த்த பின்னரே உள்ளே புரட்டுவோர் உளர். நானும் பார்த்ததுண்டு.

பாகுபலியை நினையுங்கள். தமையன் பரதனை வென்றார். வென்ற நிலத்தையும் துறந்தார். கொடிகள் உடலில் படர ஓராண்டு நின்றார். ஆயினும் 'பரதன் நிலத்தில் நிற்கின்றேனே' என்ற முள் ஒன்று உள்ளே தைத்திருந்தது என்றும், பரதன் வந்து வணங்கிய பின்னரே கேவல ஞானம் எய்தினார் என்றும் நம் பெரியோர் சொல்வர். அரசு முழுவதும் விடப்பட்டது. உடன்பிறந்தான் என்னும் ஒரே அளவு மட்டும் எளிதில் விடவில்லை.

இனி என் குறையைச் சொல்கிறேன். எனக்கு மகன் ஒருவன், அவனுக்கு இளையவள் ஒருத்தி. மகன் கணக்கில் வல்லவன். தங்கைக்கு அவன்மீது அளவற்ற பெருமை. அவன் பெற்ற பரிசுக் கோப்பையைத் தன் தோழியரை அழைத்து வந்து காட்டுவாள். அவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது காலாண்டுத் தேர்வில் 54 வாங்கினாள்; அரையாண்டில் 81 வாங்கி, அட்டையை ஓடிவந்து நீட்டினாள். நான், "அண்ணன் இதே வகுப்பில் 97 வாங்கினானம்மா" என்றேன். அவள், "போன தடவை நான் 54 வாங்கினேன் அப்பா" என்று சொல்லி, அட்டையை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கொண்டாள். அதன்பின் பள்ளிப் படிப்பு முடியும்வரை அவள் என்னிடம் கையெழுத்துக்கு வரவில்லை, தாயிடமே பெற்றாள். தோழியர்க்குக் கோப்பையைக் காட்டுவதும் நின்றது. தமையன்மீது அவள் கொண்ட அன்பில் பல ஆண்டுகள் ஒரு கசப்பு கலந்திருந்தது. அதனைக் கலந்தவன் நான்.

தத்துவார்த்த சூத்திரம் நான்கு பாவனைகளைக் கூறுமிடத்து, குணத்தால் மிக்காரிடம் பிரமோதம், அதாவது உவகை, கொள்க என்கிறது. மிக்கார் இலர் என்று அது பொய்யுரைக்கவில்லை. எல்லோரும் சமம் என்று ஆறுதலும் கூறவில்லை. மேலே உள்ளாரைக் காண்க, கண்டு மகிழ்க என்கிறது. என் மகளுக்கு அந்தப் பிரமோதம் இயல்பாகவே இருந்தது, எவரும் கற்பிக்கவில்லை. அண்ணனை அவள் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்த இடத்தில், நான் அவனை அளவுகோலாக நட்டுவிட்டேன். நம் இல்லங்களில், திருமணப் பந்தல்களில், 'உங்கள் பையன் எவ்வளவு?' என்று நாம் கேட்கும்போதெல்லாம் அருகில் நிற்கும் மற்றொரு குழந்தையின் முகத்தைச் சற்றே பாருங்கள் என்று வேண்டுகிறேன்.

சென்ற மாதம் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பேரன் மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். கணக்கில் 63. "போன தடவை எவ்வளவுடா கண்ணு?" என்று கேட்டேன். அடுக்களையில் பாத்திர ஓசை நின்றது. மகள் கதவருகே வந்து, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே சென்றாள்.