எரிவளிக்கு விலை தருவார் யார்?

(நாகர்கோவிலில் ஆற்றிய உரை)



நாஞ்சில் நாட்டுத் தென்னந்தோப்பில் கொதும்புக்கும் மட்டைக்கும் விலை கேட்பார் எவருமிலர். குனிந்து பொறுக்கும் உழைப்பே அவற்றின் விலை. அவற்றின் புகை நம் தாய்மாரின் நெஞ்சை அரிப்பது உண்மை. எரிவளிக்கு மாறுக என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயின், மாறுதற்குரிய செலவு யாருடையது? 2016-இல் நடுவணரசு 'உச்சுவலா' திட்டத்தைத் தொடங்கிற்று. (பெயரேனும் அத்தாய்மார்க்கு விளங்குமா?) இணைப்புக்கு 1,600 உருபாவை அரசு ஏற்றது. அடுப்பும் முதல் உருளையுமோ பலர்க்குக் கடனாயின. பின்வரும் உதவித்தொகையிலேயே அக்கடன் கழிக்கப்பட்டது. 2021-இல் தொடங்கிய இரண்டாங் கட்டத்தில்தான் அவ்விரண்டும் விலையின்றிக் கிடைத்தன.

2023-இல் உருளைக்கு உதவி 300 உருபா ஆயிற்று. அஃது எப்பொழுது கைக்கு வரும்? முழு விலையையும் வாயிலில் எண்ணிக் கொடுத்த பின்னர், வங்கிக் கணக்கில்! நாட்கூலி பெறுபவள் அம்முழுத் தொகைக்கு எங்கே போவாள்? வெற்றுருளை மூலையில் கிடக்க, மீண்டும் கொதும்பே எரியும்.

புகை ஒழித்தோம் என்னும் பெருமை அரசுக்கு. செலவு மட்டும் அவளுக்கா? கொதும்படுப்பினும் மிகும் செலவு முழுவதையும், உருளை வாயிலுக்கு வரும் அப்பொழுதே அரசு கழித்துக் கொடுக்கட்டும்.