வளையத் தெரிந்த கோல்

தூண்டில் கோல் வாங்கக் கடைக்குப் போனால், விற்பவர் ஒரு கோலைக் கையில் கொடுத்துவிட்டு மூன்று விஷயங்களைச் சொல்வார். எடையே தெரியாது, விறைப்பாக நிற்கும், ஏரியடியில் கூழாங்கல் உரசினாலும் கைக்குத் தெரிந்துவிடும். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ரப்பர் புழுவை அடிமண்ணில் மெல்ல இழுத்து மீன் பிடிக்கிறவருக்கு இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். ஆனால் கிராங்க்பெய்ட் வீசி பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர், அந்தக் கோலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலையில் யாரும் தொடாமல் நிற்கிற கொஞ்சம் கனமான, கொஞ்சம் துவளுகிற கோலைக் கேட்பது நல்லது. அந்தச் சோம்பேறிக் கோலுக்காகத்தான் இன்று வாதாடப் போகிறேன்.

களம் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். டெக்சஸ், அலபாமா, டென்னசி, கென்டக்கி என்று ஆறுகளை மறித்துக் கட்டிய பெரிய பெரிய அணை ஏரிகள். மீன், லார்ஜ்மவுத் பாஸ். பச்சை முதுகு, பக்கவாட்டில் ஒரு கருங்கோடு, கண்ணையும் தாண்டிப் பின்னே போகும் வாய். நம் குளங்களில் விராலுக்குத் தவளை லூர், அதாவது தவளை வடிவச் செயற்கை இரை, வீசிப் பழகியவர்களுக்கு இதன் குணம் சட்டென்று பிடிபடும்: மறைவில் நின்று, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் விழுங்குகிற ரகம். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல். 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸ்கூட முழுதாக அதிகம் இல்லை; அதனால் உலகச் சாதனையை இருவருமே பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு வாய்ப்பது இரண்டு மூன்று பவுண்டு மீன். கோலையும் அதற்கேற்ப வாங்கினால் போதும்.

கிராங்க்பெய்ட் என்பது மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ குட்டி மீன் வடிவில் செய்த லூர். மூக்குக்கு முன்னால் ஒரு தகடு சரிவாக நீட்டிக்கொண்டிருக்கும். சும்மா விட்டால் பெரும்பாலும் மிதக்கும். ரீலைச் சுற்றி இழுத்தால் தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி லூரைக் கீழே அமுக்கும். இடமும் வலமுமாக உடம்பை ஆட்டிக்கொண்டே லூர் இறங்கும். தகடு நீள நீள ஆழம் கூடும். டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் இருந்த ஃப்ரெட் யங் என்பவர் 1960-களில் பால்சா மரத்தில் கையால் செதுக்கிய 'பிக் ஓ'தான் இன்றைய தொப்பைக் கிராங்க்பெய்டுகளுக்கு மூதாதை. போட்டிக்குப் போகிறவர்கள் முன்பணம் கட்டி அதை நாள் வாடகைக்கு எடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1970-களில் காட்டன் கார்டெல் அதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கியதும் வாடகைக்கு வேலை இல்லாமல் போனது.

வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று இந்த லூரில் இரண்டு மும்முட்கள் தொங்கும். கோல் பற்றிய வழக்கு முழுவதும் இந்த முட்களில்தான் தொடங்குகிறது. ரப்பர் புழுவில் மாட்டும் ஒற்றை முள் தடித்தது, பெரியது; தாடை எலும்போரம் ஆழமாகத் தைத்து நிற்கும். மும்முள் மெல்லிய கம்பி. மீனின் உதட்டோரத் தோலிலோ, சில சமயம் வாய்க்கு வெளியே கன்னத்திலோ, ஒரு முனை மட்டும் மேலோட்டமாகத் தைத்திருக்கும். மீன் துள்ளி எழுந்து தலையை உதறும்போது கோல் விறைப்பாக இருந்தால் அந்த உதறல் முழுவதும் தைத்த இடத்தில் இறங்கும். ஓட்டை பெரிதாகும். அடுத்த உதறலில் லூர் நம்மை நோக்கிப் பறந்து வரும், மீன் போய்விடும். கோல் பாதிவரை வளைந்து கொடுத்தால், மீன் இழுத்தால் நீண்டு, மீன் நெருங்கினால் சுருங்கி, தூண்டில் நரம்பை எப்போதும் ஒரே பதத்தில் இறுக்கமாக வைத்திருக்கும். மெல்லிய முள்ளுக்கு அதுதான் காவல்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. எனக்கு இந்தக் கலையில் பிடித்த இடமும் அதுதான். பாஸ் மீன் இரையைக் கவ்வுவதில்லை, உறிஞ்சுகிறது. பின்னாலிருந்து வந்து வாயை அகலத் திறக்கும்; உள்ளே பாயும் தண்ணீரோடு லூரும் சேர்ந்து போகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். கிராங்க்பெய்டை இழுத்துக்கொண்டிருக்கும்வரை அதன் ஆட்டம் கோலின் வழியாகக் கையில் துடித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? மீன் உறிஞ்சும் கணத்தில் பல நேரம் இழுப்பு எதுவும் தெரியாது; துடிப்பு நின்றுபோகும், அவ்வளவுதான். விறைப்பான கோல் இந்தச் செய்தியை உடனே கைக்குச் சொல்லிவிடும். நாமும் உடனே கோலை ஓங்குவோம். வாய்க்குள் பாதி போன லூரை நாமே வெளியே பிடுங்கிவிடுவோம். துவளும் கோலோ செய்தியைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லும்; சொன்ன பிறகும் நம் இழுப்பு நுனிவரை போய்ச் சேர இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தில் மீன் வாயை மூடித் தலையைத் திருப்பிவிடுகிறது, முள் தானாகவே தைத்துக்கொள்கிறது. உணர்திறன் உணர்திறன் என்று விளம்பரம் செய்து விலை ஏற்றுகிற ஒரு தொழிலில், உணர்திறன் குறைந்த பொருள் மேலானதாக நிற்கும் இடம் இது.

இனிப் பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழைக் கோல்கள் வந்து மூங்கிலையும் எஃகையும் ஓரங்கட்டின. 1970-களின் முற்பாதியில் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் கோலைக் கொண்டுவந்தது. மெல்லியது, விறைப்பானது, எடை குறைந்தது; எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள். கிராங்க்பெய்ட்காரர்களில் சிலர் மட்டும் பழைய கண்ணாடி இழையை விடவில்லை. பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்பது இந்த விளையாட்டின் பெரிய போட்டி. அதை 1976, 1977, 1984, 1990 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்ற ரிக் கிளன், கிராங்க்பெய்டுக்குக் கண்ணாடி இழைக் கோல்தான் என்று பிடிவாதமாக இருந்தவர். 1993-இல் அலபாமாவின் லோகன் மார்ட்டின் ஏரியில் கிளாசிக்கை வென்ற டேவிட் ஃப்ரிட்ஸ் கிராங்க்பெய்டையே தன் முகவரியாக ஆக்கிக்கொண்டவர். இப்படிப்பட்டவர்கள் பழமைப் பாசத்தால் ஒரு பொருளைப் பிடித்துத் தொங்கமாட்டார்கள். பரிசுப் பணம் அதில் இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. முழுக் கண்ணாடி இழைக் கோல் நுனி கனத்து நிற்கும். நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு வலிக்கும். லூர் கல்லில் உரசுகிறதா, மரக்கட்டையில் மோதுகிறதா, முள்ளில் பாசி சிக்கிவிட்டதா என்பதைத் தெளிவாகச் சொல்லாது. அதனால்தான் இரண்டு இழைகளையும் கலந்து செய்த காம்போசிட் கோல்கள் வந்தன. மெதுவாக வளையும்படி வடிவமைத்த கிராஃபைட் கோல்களும் கிடைக்கின்றன. ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால் காம்போசிட் வாங்குங்கள் என்பது என் கருத்து. ஆழத்துக்கு மட்டுமே போகும் பெரிய லூர்களுக்குத் தனிக் கோல் என்றால், தயங்காமல் முழுக் கண்ணாடி இழை.

கோலின் அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளில் 'பவர்' என்பதும் 'ஆக்‌ஷன்' என்பதும் வேறு வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்திலிருந்து வளையத் தொடங்குகிறது என்பது ஆக்‌ஷன். 'ஃபாஸ்ட்' என்றால் நுனி மட்டும் வளையும். 'மாடரேட்' என்றால் நடுப்பகுதிவரை வளைவு இறங்கும். கிராங்க்பெய்டுக்குத் தேவை மாடரேட். பவரை லூரின் எடை தீர்மானிக்கட்டும்: கால் அவுன்ஸ் முதல் அரை அவுன்ஸ்வரை, அதாவது ஏழு முதல் பதினான்கு கிராம்வரை உள்ள லூர்களுக்கு மீடியம், ஓர் அவுன்ஸும் அதற்கு மேலும் உள்ள ஆழ லூர்களுக்கு மீடியம் ஹெவி. லூர் எடை வரம்பும் கோலிலேயே அச்சிட்டிருக்கும். வேறு எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படியுங்கள்.

வீசுவதற்கும் இந்த வளைவு உதவும். பால்சா லூர்கள் எடை குறைந்தவை, காற்றில் தடுமாறுபவை. கோல் நடுவரை வளைந்து நிமிரும்போது லூர் சீராகக் கிளம்பும். நுனியால் மட்டும் சுண்டினால் லூர் காற்றில் புரளும், ரீலில் நரம்பு கூடுகட்டிக்கொள்ளும்.

நீளத்தைப் பற்றிச் சொல்ல கென்டக்கி ஏரிக்குப் போக வேண்டும். டென்னசி ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரி அது. பழைய ஆற்றின் கரை இன்னும் தண்ணீருக்கடியில் ஒரு படிக்கட்டு மாதிரி கிடக்கிறது. கோடையில் பாஸ் மீன்கள் அந்தப் படியின் விளிம்பில் கூட்டமாக நிற்கும். பதினைந்து, இருபது அடி ஆழம். லூர் விழுந்த இடத்திலேயே அந்த ஆழத்துக்குப் போய்விடாது. சரிந்து சரிந்து இறங்கும், நடுவில் கொஞ்ச தூரம் அடியோடு ஓடும், படகை நெருங்க நெருங்க மேலேறிவிடும். மீன் கிடைப்பது அந்த நடுத்துண்டில்தான். அதை நீட்டிக்க ஒரே வழி தூரமாக வீசுவது, தூரமாக வீச நீளமான கோல். ஆழ லூர்களுக்கு ஏழரை அடி முதல் எட்டடிவரை கேட்பதற்குக் காரணம் இதுதான். பால் எலியாஸ் 1982-இல் அலபாமா ஆற்றில் கிளாசிக்கை வென்றபோது, படகில் மண்டியிட்டுக் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டு ரீலைச் சுற்றினார். லூர் இன்னும் சில அடி கீழே போனது. பார்க்கக் கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் கோப்பை அவர் வீட்டுக்குப் போனது.

கரையோரம் விழுந்த மரங்களுக்கும் படகுத்துறைக் கால்களுக்கும் நடுவே, சதுரத் தகடு கொண்ட லூரை ஓட்டுகிறவருக்கு அவ்வளவு நீளம் தொந்தரவு. அங்கே தூரத்தைவிடக் குறிதான் முக்கியம். ஆறரை அடிக்கும் ஏழடிக்கும் இடையில் ஒரு கோல் போதும். தகடே இல்லாத, உள்ளே குண்டுகள் குலுங்கும் லூர்கள் மூன்றாவது வகை. டெக்சஸில் உள்ள சாம் ரேபர்ன், அதன் எல்லையில் உள்ள டொலீடோ பெண்ட் ஏரிகளில் குளிர்காலக் கடைசியில் நீர்ப்பாசிக்கு மேலே அதை ஓட்டுவார்கள். லூர் பாசியில் சிக்கும்போது சடாரென்று பிடுங்க வேண்டும். சிக்கலிலிருந்து விடுபடும் நொடியில்தான் மீன் அடிக்கும். துவளும் கோலால் அந்தப் பிடுங்கல் வராது. இங்கே மட்டும் நான் கிராஃபைட்காரர்கள் பக்கம்.

ரீலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைத்தான் விகிதம் என்கிறார்கள். ஆழ லூர் தண்ணீரில் பலமாக எதிர்க்கும்; ஐந்துக்கு ஒன்று அளவில் உள்ள மெதுவான ரீல் கைக்கு ஓய்வு தரும். ஏழு, எட்டு என்று போகும் வேக ரீல்களோடு ஆழ லூரை இழுத்தால் மாலையில் முழங்கை கணக்குக் கேட்கும். நரம்புக்குப் பத்து அல்லது பன்னிரண்டு பவுண்டு ஃபுளோரோகார்பன். அது தண்ணீரில் மூழ்கும். மெல்லியதாக இருக்க இருக்க லூர் ஆழம் போகும். பின்னல் நரம்பு நீளவே நீளாது என்பதால், அதை விறைப்பான கோலோடு சேர்த்தால் முன்னே சொன்ன உதறல் சிக்கல் இரட்டிப்பாகும்.

கடையில் கோலைச் சும்மா காற்றில் ஆட்டிப் பார்ப்பது எதையும் சொல்லாது. கூட வந்தவரிடம் நுனியைப் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். வளைவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நுனியிலிருந்து ஓரடியோடு நின்றுவிட்டால் அது ஃபாஸ்ட், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. வளைவு சீராக நடுவரை இறங்க வேண்டும், எங்கும் முட்டி மாதிரி மடங்கக் கூடாது. முடிந்தால் உங்கள் ரீலைப் பொருத்திப் பிடித்துப் பாருங்கள். நீளமான கோலுக்குக் கைப்பிடியும் நீளமாக இருந்தால் முழங்கையில் அணைத்துக்கொள்ள வசதி. விலையைப் பற்றி நல்ல செய்தி: கண்ணாடி இழை மலிவான பொருள். உயர்ந்த கிராஃபைட் கோலுக்குக் கேட்கிற பணத்தில் பாதிகூட ஆகாத நல்ல கிராங்க்பெய்ட் கோல்கள் உண்டு. மிச்சப் பணத்தில் லூர் வாங்கலாம். கல்லிலும் கட்டையிலும் மோதவிட்டு ஓட்டுகிற லூர் இது, இழப்பு நிச்சயம்.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் இதைக் கேட்டுக் கிளம்பினால், முதலில் மாநில மீன்பிடி உரிமத்தை வாங்கிவிடுங்கள். மீன் கடித்ததும் கோலை மேலே ஓங்க வேண்டாம்; ரீலைச் சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நீளமாக இழுங்கள், மிச்சத்தைக் கோல் பார்த்துக்கொள்ளும். பாஸ் மீனைக் கீழுதட்டில் கட்டைவிரல் வைத்துத் தூக்குவது அங்கே வழக்கம். கிராங்க்பெய்ட் தொங்கும் வாயில் அதைச் செய்யாதீர்கள். மீன் ஓர் உதறு உதறினால் இரண்டாவது மும்முள் உங்கள் விரலில் இருக்கும். தொழில்முறைப் போட்டிகள் சிலவற்றில் கைவலைக்குத் தடை உண்டு, நமக்கு அந்தத் தடை இல்லை. கோல் வாங்கும் கடையிலேயே ரப்பர் கண்ணி வைத்த கைவலை ஒன்றும், மூக்கு நீண்ட இடுக்கி ஒன்றும் கேட்டு வாங்கிவிடுங்கள். நூல் வலை வேண்டாம். மும்முள் அதில் சிக்கினால் பிரித்தெடுக்கவே அரை மணி ஆகும்.