தனித்தனியா கையெழுத்துப் போடாதீங்க! நம்ம நீருக்கும் மண்ணுக்கும் உலகச் சட்டம் சொல்வது என்ன?

(கருத்துக் கேட்புக் கூட்டத்தை முன்னிட்டு நடைபெற்ற கிராம விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்கும்போது ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார்: "ஏம்பா, நம்ம கிணத்துத் தண்ணி கெட்டதுக்கு உலகச் சட்டம் எதுக்கு? தாசில்தாரே நம்ம பேச்சைக் காதுல வாங்கல. உலகமா வாங்கப் போகுது?" நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்குக் கூடியிருக்கோம்.

நம்ம நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஆற்றோரம் இருக்கிற ரசாயன ஆலைக்குக் கீழே உள்ள கிணறுகளில் மோட்டார் போட்டா நுரை வருது. வயல் காய்ஞ்சா வெள்ளையா உப்பு பூக்குது. மாடு தொட்டியில வாயை வைக்குது, உடனே தலையை எடுத்துக்குது. இந்த நிலையில் ஆலையை இன்னும் பெருசாக்கப் போறாங்களாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதியும் குறிச்சாச்சு.

அதுக்கு முன்னால ராத்திரியில வீடு வீடா ஆள் வருது. கிணத்துக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசறாங்க. பணம் வாங்கிக்கிட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து. அதில என்ன எழுதியிருக்கு? "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, எந்த ஆட்சேபணையும் இல்லை." ஏற்கெனவே சிலர் போட்டுட்டாங்க. அவங்களை நாம குறை சொல்லல. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், பேங்கில வச்ச நகையை மீட்கணும். கஷ்டத்துல இருக்கிறவன் கையெழுத்துப் போடுவான்னு தெரிஞ்சுதானே அவங்க ராத்திரியில வர்றாங்க!

தோழர்களே, இந்தப் பேப்பர் ஒண்ணும் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால வேற ஒரு நாட்டு விவசாயிகளிடமும் இதே மாதிரிதான் தனித்தனியா வந்தாங்க. அந்த விவசாயிகள் என்ன செஞ்சாங்க? அதிலிருந்துதான் உலகச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கதையே தொடங்குது.

விவசாயிகள் தொடங்கி வச்ச சட்டம்

கனடா நாட்டில் ட்ரெயில் என்று ஒரு ஊர். அமெரிக்க எல்லைக்குப் பக்கம். அங்கே 1896 முதல் உலோகங்களை உருக்குகிற ஆலை. 1925லும் 1927லும் 409 அடி உயரத்துக்குப் புகைபோக்கி கட்டினாங்க. 1930ல் ஒரு நாளைக்கு 300 டன்னுக்கு மேல் கந்தகம் புகையோடு வெளியே போச்சு. புகைக்கு எல்லைக்கோடு தெரியுமா? கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியா இறங்கி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விவசாயிகளின் கோதுமையையும், குதிரை மசாலையும், மரங்களையும் கருக்கிடுச்சு.

புகார் கிளம்பினதும் கம்பெனி தனித்தனியா ஆளைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சது. புகை விடும் உரிமையையே விலைக்கு வாங்கிடலாமான்னு கூடப் பார்த்தது. அப்போ 1928 ஆகஸ்டில் அந்த விவசாயிகள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைச்சாங்க. அதன் விதி என்ன தெரியுமா? நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையோர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் எந்த உறுப்பினரும் கம்பெனியோடு தனியா சமரசம் செய்யக் கூடாது! அதுக்கப்புறம் கம்பெனிக்கு ஒரு தனி ஒப்பந்தமும் கிடைக்கல. தனித்தனியா தீர்க்க முடியாமல் போன விவகாரம் ரெண்டு அரசாங்கங்களின் விவகாரமா மாறிச்சு.

ரெண்டு நாடும் சேர்ந்த ஆணையம் 1931ல் மூன்றரை லட்சம் டாலர் நட்டஈடு சொல்லுச்சு. புகை நிக்கல, விவசாயிகளும் விடல. 1935ல் ஒப்பந்தம் போட்டு நடுவர் மன்றம் வச்சாங்க. 1941 மார்ச் 11 அன்று வந்த இறுதித் தீர்ப்பு சொன்னது இதுதான்: எந்த நாட்டுக்கும் தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் அடுத்த நாட்டின் நிலத்துக்கும் மக்களுக்கும் பெரும் கேடு செய்ய உரிமை கிடையாது. புகையை இவ்வளவுதான் விடலாம்னு ஆலைக்குக் கட்டுப்பாடும் போட்டாங்க. அந்தத் தீர்ப்பு வர்றதுக்கு முன்னாலேயே, புகையில் போன கந்தகத்தைப் பிடிச்சு அமிலமாக்கி, அம்மோனியம் சல்பேட் உரமா மூட்டை கட்டி அந்தக் கம்பெனியே வித்தது. "முடியாது, செலவாகும்"னு சொல்றவங்களை நெருக்கினா முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஆனா ஒரு கசப்பான பாடமும் இதில் இருக்கு. மறைக்காம சொல்றோம். 1932 முதல் உள்ள நட்டத்துக்காகக் கேட்டது சுமார் 21 லட்சம் டாலர். 1938ல் மன்றம் கொடுத்தது 78 ஆயிரம் டாலர்தான். கால்நடைக்கும், பாலுக்கும், கம்பளி ரோமத்துக்கும் நட்டம்னு சொன்னதை "நிரூபிக்கவில்லை" என்று தள்ளிட்டாங்க. புகை விட்டவன் ஆலைக்காரன். நிரூபிக்க வேண்டிய சுமை விவசாயி தலையில்! இந்தச் சுமை யார் தலையில் இருக்கணும் என்பதுதான் அதற்குப் பிறகு வந்த சட்டங்களின் பெரிய கேள்வி.

ஸ்டாக்ஹோமும் ரியோவும்

1972 ஜூனில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 113 நாடுகள் கூடினாங்க. நம்ம நாட்டின் சார்பில் பிரதமர் இந்திரா காந்தி போய்ப் பேசினார். ட்ரெயில் தீர்ப்பின் கருத்தை அங்கே உலகப் பிரகடனமாவே எழுதினாங்க: ஒரு நாட்டுக்குத் தன் வளத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு, ஆனா பிறருக்குக் கேடு வராமல் பார்க்கும் பொறுப்பும் உண்டு. அதையொட்டி 1976ல் நம்ம அரசியல் சட்டத்தில் 48-ஏ பிரிவு வந்தது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்று அது சொல்லுது. 1984ல் போபால் விஷவாயுக் கொடுமை. அதுக்கப்புறம் 1986ல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் முகப்பிலேயே ஸ்டாக்ஹோம் மாநாடு குறிப்பிடப்பட்டிருக்கு.

1992 ஜூனில் பிரேசில் நாட்டு ரியோ நகரில் அடுத்த பெரிய மாநாடு. 27 கோட்பாடுகள் அறிவிச்சாங்க. அதில் நாலு நமக்கு மனப்பாடமா இருக்கணும்.

ஒன்று, முன்னெச்சரிக்கை. பெருங்கேடு வரும்னு அச்சம் இருந்தால், விஞ்ஞானம் முழுசா உறுதி செய்யலையேன்னு சாக்குச் சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப் போடக் கூடாது. மடை உடைஞ்சப்புறம் மண்ணு தேடுறதா? மேகம் கருக்கும்போதே கரையைப் பலப்படுத்தறவன்தானே விவசாயி!

இரண்டு, கெடுத்தவனே கொடுக்கணும். இதை "காசு கொடுத்துட்டுக் கெடுக்கலாம்"னு சிலர் திருப்பிப் படிக்கிறாங்க. அது லைசென்ஸ் இல்லை. கெடுத்தால் செலவு முழுக்க உன் தலையிலேன்னு தெரிஞ்சா கெடுக்கவே மாட்டான் என்பதுதான் அதன் பொருள்.

மூன்று, பாதிப்பு என்னன்னு முதலில் ஆய்வு, அப்புறம்தான் அனுமதி.

நான்கு, மக்களுக்குத் தகவல் அறியவும், முடிவெடுப்பதில் பங்கேற்கவும், நீதி கேட்கவும் வாய்ப்பு. இப்போ நடக்கப் போற கருத்துக் கேட்புக் கூட்டம் யாரோ போட்ட பிச்சை இல்லை. ரியோவில் ஏற்ற கோட்பாடு, 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி நமக்குள்ள உரிமை.

நம்ம பாலாற்றில் வந்த தீர்ப்பு

"சரிங்க, மாநாட்டுப் பேச்சு நம்ம ஊர் கோர்ட்டில் எடுபடுமா?" எடுபட்டது தோழர்களே! அதுவும் டெல்லியிலோ பம்பாயிலோ உள்ள பிரச்சினையில் இல்லை, நம்ம பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில்!

வேலூர் மக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொல்லுச்சு. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையக் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. முன்னெச்சரிக்கையும், கெடுத்தவனே கொடுக்கணும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லிடுச்சு. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் கொடுத்தாலும் அதுக்காகச் சுற்றுச்சூழலை அழிக்க உரிமை இல்லைன்னும் சொன்னது.

அதில் ரெண்டு விஷயத்தைக் குறிச்சுக்குங்க. ஒண்ணு, கேடு வராதுன்னு நிரூபிக்கும் பொறுப்பு ஆலைக்காரனுடையது. அமெரிக்க விவசாயி தலையில் இருந்த சுமை நம்ம பாலாற்றங்கரையில் ஆலை முதலாளி தலைக்கு மாறிச்சு! ரெண்டு, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு மட்டும் போதாது, மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டு வரும் செலவும் கெடுத்தவனுடையதே. ஆகவே கிணத்துக்கு இவ்வளவுன்னு கையில் திணிக்கிற பணம் சட்டப்படி நமக்குச் சேர வேண்டியதில் ஒரு துண்டுதான்.

2010ல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இந்தக் கோட்பாடுகளைப் பின்பற்றியே ஆகணும்னு தீர்ப்பாயத்தைக் கட்டாயப்படுத்துது. சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கு. நட்டஈடு கேட்க 5 வருஷக் கெடு. நாள் கடத்தினா உரிமை போயிடும்.

சட்டம் தானா நடக்குமா?

நடக்காது. அதையும் பாலாறே சொல்லுது. 1996 தீர்ப்புக்குப் பிறகு இழப்பீட்டு ஆணையம் அமைச்சாங்க. 2001ல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயிச்சாங்க. ஆனா கழிவு நின்னதா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துட்டு, கெடுத்தவங்களிடம் வசூலிக்கணும், பாலாற்றைச் சீர் செய்ய நிபுணர் குழு அமைக்கணும்னு உத்தரவிட்டது. 1991ல் வழக்குப் போட்ட வருஷம் பிறந்த பிள்ளைக்கு அந்த உத்தரவு வந்தபோது வயசு 33க்குக் குறையாது!

திருப்பூர்ப் பக்கம் நொய்யலிலும் இதே கதைதான். சாயக் கழிவால் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமப் போச்சு. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமா நின்னு வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினதாலதான் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாம ஆலைத் தொழிலாளிக்கு எதிரி இல்லை. அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. அவனும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கணும். கழிவைச் சுத்தம் செய்யாமல் மிச்சம் பிடிக்கிற காசு அவன் சம்பளத்திலும் சேரல, நம்ம கையிலும் சேரல.

உலக அளவிலும் இதே போராட்டம்தான் நடக்குது. பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு முன்னின்று கேட்டதால், 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், பருவநிலைக் கேட்டைத் தடுப்பது எல்லா நாடுகளின் சட்டக் கடமைன்னு கருத்துரை கொடுத்தது. விவசாயிகள் புகைக்கு எதிரா எழுப்பின நியாயம்தான் இன்னைக்கு உலகத்துக்கே பொருந்துது.

நாம் செய்ய வேண்டியது

ட்ரெயில் விவசாயிகள் ஜெயிச்சது ஒற்றுமையால. நட்டஈட்டில் தோத்தது சாட்சி போதாமல. ரெண்டையும் நாம மனசில் வச்சுச் செயல்படணும். நிரூபிக்கும் சுமை ஆலைக்காரனுடையதுன்னு சும்மா இருந்துடாதீங்க. நம்ம நட்டம் எவ்வளவுன்னு நாமதான் கணக்குக் காட்டணும்.

1. யாரும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டவர்கள் வெட்கப்படாமல் அந்தப் பேப்பரின் நகலைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வக்கீலிடம் காட்டுவோம்.

2. சிட்டா, அடங்கல் நகல், நெல் போட்ட ரசீது, பால் சொசைட்டிச் சீட்டு, மாட்டு வைத்தியச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். அன்று கால்நடை நட்டம் தள்ளுபடியானதை மறக்காதீர்கள்.

3. கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்து, தேதியோடு அறிக்கை வாங்குங்கள். அதிகாரிகள் மாதிரி எடுக்க வந்தால் ஊரார் கூட இருந்து, எடுத்ததற்கு எழுதி வாங்குங்கள்.

4. ஆலையின் பாதிப்பு ஆய்வுச் சுருக்கம் தமிழில் தரப்பட வேண்டும். கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

5. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பெண்கள் கட்டாயம் பேச வேண்டும். தண்ணீர் சுமப்பது அவர்கள்தான். பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டே கலைவோம்.

நமது கோரிக்கைகள்

பாதிப்பு முழுமையாக ஆராயப்படும் வரை ஆலை விரிவாக்கத்துக்கு அனுமதி வழங்காதே!

கெட்டுப்போன கிணறுகளையும் நிலங்களையும் ஊரார் முன்னிலையில் கணக்கெடு!

நட்டஈட்டோடு மண்ணையும் நீரையும் சீர் செய்யும் செலவையும் ஆலையிடமே வசூல் செய்!

சுத்தமான குடிநீரை உடனே வழங்கு!

பெரியவர் கேட்டாரே, உலகம் நம்ம பேச்சைக் கேட்குமான்னு. கேட்டிருக்கு ஐயா. எல்லையோரத்தில் கருகின பயிரோடு நின்ன விவசாயிகள் "தனியா சமரசம் இல்லை"ன்னு விதி எழுதினாங்க. ரெண்டு அரசாங்கம் உட்கார்ந்து பேச வேண்டி வந்தது. இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுக் கதவைத் தட்டினா ஒரே பதில் சொல்லுங்க: "சங்கத்தில வந்து பேசுங்க."

ஒன்றுபடுவோம்! சாட்சி சேர்ப்போம்! நீரும் மண்ணும் காப்போம்!