காற்றுத் தீவு கற்பிக்கும் பாடம்
(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளக் கணக்கைச் செயலாளர் பேசிவிட்டார். நான் வேறொரு ஊரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். கேட்டு முடித்தபின், நமக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

தென் அட்லாண்டிக் கடலின் நடுவே திரிஸ்தான் ட குன்யா என்றொரு தீவு உண்டு. அது ஓர் எரிமலை. கடலிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பது. மனிதர் குடியிருக்கும் அடுத்த பெரிய தீவான செயிண்ட் ஹெலினாவுக்கே 2,400 கிலோ மீட்டர் கடல் கடக்க வேண்டும். இன்றைக்கும் அங்கே விமானம் இறங்க இடமில்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். போய்ச் சேர்ந்தாலும் காற்று அடங்கினால்தான் கரையேறலாம். அங்கே வாழ்பவர்கள் இன்று 250 பேருக்கும் குறைவு.

மழை பிடித்துக்கொண்டால் மரம் சீவ முடியாமல் நாம் லயத்தில் முடங்குகிறோம் அல்லவா? அவர்களுக்குக் காற்று அப்படி. கடல் அமைதியாக இருக்கும் விடியற்காலையில் ஊரில் ஒரு மணியை அடிப்பார்கள். இன்று மீன்பிடிக்கப் போகலாம் என்று அதற்குப் பொருள். நம் பெரட்டுத் தப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்காத நாளில் உருளைக்கிழங்குத் தோட்டம், மாடு, ஆடு, வீடு பழுது பார்த்தல். காற்று பயிரை அழிக்காதிருக்க ஒவ்வொரு பாத்திக்கும் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

இந்த ஊர் எப்படிப் பிறந்தது? 1816இல் பிரிட்டிஷ் படை அங்கே காவல் வைத்தது. அடுத்த ஆண்டே காவலைத் திருப்பி அழைத்தது. வில்லியம் கிளாஸ் என்ற படைவீரர் ஒருவர், மனைவி மக்களோடு அங்கேயே தங்க அனுமதி கேட்டார். கல்தச்சர் இருவரும் உடன் தங்கினர். 1817 நவம்பர் 7ஆம் தேதி அவர்கள் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். சரக்கும் கால்நடையும் எல்லாருக்கும் சமம். லாபமும் சமம், செலவும் சமம். ஒவ்வொருவரும் தம் பங்கு வேலையைச் செய்ய வேண்டும். ஒருவருக்கொருவர் மேலானவர் இல்லை.

தோழர்களே, அந்த ஆண்டைக் கவனியுங்கள். அப்போது இங்கிலாந்தில் தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பதே சட்டப்படி குற்றம். அந்தத் தடை 1824இல்தான் நீங்கியது. அதற்கு ஏழு ஆண்டு முன்னமே, உழைப்பாளிகள், யாரும் கேட்காத ஒரு மூலையில், சமத்துவத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் காகிதம் மட்டும் ஊரைக் காப்பாற்றிவிடவில்லை. அந்தக் கல்தச்சர்கள் பின்னால் தீவை விட்டுப் போனார்கள். கிளாஸ் 1853இல் இறக்கும் வரை ஊருக்குத் தலைவராகவே இருந்தார். கப்பல் உடைந்து கரையேறியவர்களும், திமிங்கில வேட்டைக்காரர்களும், 1827இல் செயிண்ட் ஹெலினாவிலிருந்து வந்த பெண்களும் சேர்ந்துதான் ஊர் வளர்ந்தது. ஒப்பந்தத்தின் எழுத்து தேய்ந்தாலும் அதன் உயிர் நின்றது. இன்றும் அங்கே நிலம் பொதுச்சொத்து. ஒரு குடும்பம் இத்தனை கால்நடைதான் வைத்துக்கொள்ளலாம் என்று அளவு உண்டு. ஏன்? புல் எல்லாருக்கும் போதாது. ஒருவன் கொழுத்தால் இன்னொருவன் மெலிவான். இதைக் கண்டுகொள்ள அவர்களுக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை.

துன்பமும் சிறிதல்ல. 1885இல், அவ்வழியே போன ஒரு கப்பலோடு பண்டமாற்றுச் செய்யப் படகில் புறப்பட்ட 15 ஆண்கள் திரும்பவேயில்லை. அவ்வளவு சிறிய ஊரில் எத்தனை வீடுகள் இருண்டிருக்கும்! இருந்தும் ஊர் கலையவில்லை. விதவைகளும் பிள்ளைகளும் எஞ்சிய சிலருமாகச் சேர்ந்து அதைத் தாங்கினார்கள்.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியம். 1961 அக்டோபரில் எரிமலை ஊருக்குப் பக்கத்திலேயே வெடித்தது. 260க்கும் மேற்பட்ட மக்கள் படகேறி, கேப் டவுன் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை முதலில் ஒரு முகாமிலும், பிறகு சவுத்தாம்ப்டனுக்கு அருகே கால்ஷாட்டிலும் குடிவைத்தார்கள். கூலி வேலை கிடைத்தது. மின்விளக்கு, கடை, பஸ் எல்லாம் இருந்தன. குளிர்நோயும் வந்தது, முதியவர் சிலர் இறந்தனர். இனி இவர்கள் இங்கேயே இருந்துவிடுவார்கள் என்று வெளியார் பலரும் எண்ணினார்கள்.

தீவுக்குப் போன ஆய்வாளர்கள், எரிமலைக் குழம்பு இறால் தொழிற்சாலையையும் படகுத்துறையையும் விழுங்கிவிட்டது, ஆனால் வீடுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன என்று கண்டார்கள். 1962 டிசம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். திரும்பிப் போக 148, இருக்க 5. 1963இல் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். படகுத்துறையையும் தொழிற்சாலையையும் மறுபடி கட்டினார்கள்.

அவர்கள் வசதியை வெறுத்தார்களா? இல்லை. வசதியை மட்டும் கொடுத்து, கூடி வாழும் வாழ்வைப் பறித்துக்கொள்ளும் பேரத்தைத்தான் மறுத்தார்கள். எங்கே வாழ்வது என்பதைத் தாங்களே கூடித் தீர்மானித்தார்கள்.

இப்போது நம் பக்கம் திரும்புங்கள். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் பால்மரம் செம்பனையானது. எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் ஆயின. லயத்தைக் காலி செய்து, கோயிலையும் பள்ளியையும் விட்டுப் போன நம் மக்களை, 'போகிறீர்களா, இருக்கிறீர்களா' என்று யாராவது கேட்டார்களா? தனித்தனியாக நின்றவனை யாரும் கேட்கமாட்டார்கள். சேர்ந்து நின்று கணக்குச் சொன்ன 148 பேரைத்தான் கேட்பார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று: சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீங்களே படியுங்கள், படிக்கத் தெரியாதவருக்குக் கிராணிமார்கள் படித்துக் காட்டுங்கள். கையெழுத்தைக் காப்பது ஆளின் வேலை. இரண்டு: தாய்மார்கள் கூட்டத்துக்கு வாருங்கள், குடியிருப்பைப் பற்றிய முடிவில் குடும்பத்தை நடத்துபவரின் வாக்கு இல்லாமற்போகலாமா? மூன்று: லயத்தில் ஒரு வீட்டில் சாவு, நோய், வேலைநீக்கம் என்றால் அது அந்த வீட்டுச் சங்கதி என்று ஒதுங்காதீர்கள்.

காற்றை நிறுத்த அந்தத் தீவுக்காரராலும் முடியவில்லை. கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள், பயிர் பிழைத்தது. அந்தக் கற்கள் நாம்தான், தோழர்களே.