எரிபொருளின் விலையும் இல்லறத்தாரின் வரையறையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



பகவான் மகாவீரரின் திருநாளில் மண்ணெண்ணெய் விலையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார்க்கு எரிபொருளும் ஒரு பொருளே. மண்ணையும் நீரையும் தீயையும் காற்றையும் ஓரறிவுயிர்களாக எண்ணும் நமக்கு, அவை நான்கையும் ஒருங்கே வருத்தும் பொருளும் அதுவே.

கிரித் பாரிக் என்னும் பொருளியல் அறிஞரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். பொறியியல் பயின்று, பின்னர்ப் பொருளியலுக்கு வந்தவர். மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநர். அவர் தலைமையில் அமைந்த திட்டக்குழுவின் வல்லுநர் குழு, 2006ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த எரிசக்திக் கொள்கை அறிக்கையை அளித்தது. நாடு ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர வேண்டுமாயின், 2031-32க்குள் மின் உற்பத்தி 2003-04ஆம் ஆண்டின் அளவைப்போல் ஐந்து முதல் ஆறு மடங்காக வேண்டும் என்று அது கணக்கிட்டது. நிலக்கரியே நெடுங்காலம் முதன்மை எரிபொருளாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் கூறியது. கேட்பதற்கு இனிய செய்தியன்று. ஆயினும் ஆலோசனை கூறுவோர் மெய்யையே கூற வேண்டும்.

2010இல் எரிபொருள் விலை குறித்து அவர் தலைமையிலான மற்றொரு குழு தந்த அறிக்கைதான் பெரும் சினத்தைக் கிளப்பியது. அன்று நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் மலிவாக இருந்தது; சாலையோர நிலையத்தில் டீசல் விலை மிகுதியாக இருந்தது. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடே கலப்படக்காரரின் ஊதியமாயிற்று. ஏழையின் விளக்கிற்கென ஒதுக்கிய எண்ணெய் லாரியின் கலத்திற்குச் சென்றது. புகையோ நம் அனைவரின் மூச்சிலும் கலந்தது. ஆகவே பெட்ரோல், டீசல் விலைகளைச் சந்தையிடம் விடுக, மண்ணெண்ணெய்க்கு லிட்டருக்கு 6 ரூபாயும் எரிவாயு உருளைக்கு 100 ரூபாயும் உயர்த்துக என்று குழு பரிந்துரைத்தது. அவ்வாண்டு ஜூனில் அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. மண்ணெண்ணெய்க்கு 3 ரூபாயும் உருளைக்கு 35 ரூபாயும் மட்டுமே உயர்த்தியது. டீசலின் கட்டுப்பாடு நீங்க 2014 அக்டோபர் வரை ஆயிற்று.

இதில் யார் பக்கம் நியாயம்? அநேகாந்தம் பயின்றவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுவிட இயலாது. பொய்யான விலை திருட்டை வளர்க்கும் என்ற கணக்கு பிழையற்றது. எனினும், விலை உயர்ந்த அன்றே ஏழைக் குடும்பத்தின் கை சுருங்கும். எரிவாயுவுக்கான மானியத்தை வங்கிக் கணக்கில் நேரே செலுத்தும் முறை நாடெங்கும் வந்ததோ 2015 ஜனவரியில்! உதவி முன்னும் உயர்வு பின்னுமாக வந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. எரிவாயு எட்டாத வீட்டுப் பெண் விறகுக்கே திரும்புவாள். அப்பெண்கள் விறகு சுமந்தும் புகையில் அமர்ந்தும் படும் துன்பத்தை இமாச்சலப் பிரதேசத்தில் ஆராய்ந்து எழுதியவர், பாரிக்கின் மனைவியாரும் எரிசக்தி அறிஞருமான ஜோதி பாரிக் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே இல்லத்தில் இரு கணக்குகளும் இருந்தன.

2015இல், வசதியுள்ளோர் எரிவாயு மானியத்தைத் தாமே விட்டுக்கொடுக்க அரசு வேண்டியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விட்டனர். எவரும் வற்புறுத்தாமல் 'எனக்கு இவ்வளவு போதும்' என்று வரையறுத்துக் கொள்வது நம் நோன்பிற்கு மிக நெருங்கிய செயல். அதை நாள்தோறும் படிக்கும் நானோ, படிவத்தை ஓராண்டுக் காலம் மேசைமேல் வைத்திருந்தேன். ஏன் என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை.

2005ஆம் ஆண்டின் தேசிய மின்சாரக் கொள்கை, ஒரு குடும்பம் உயிர்வாழ நாளொன்றுக்கு 1 யூனிட் மின்சாரமேனும் வேண்டும் என்று கீழெல்லை வகுத்தது. மேலெல்லையை எந்தக் குழுவும் வகுக்கவில்லை. அறங்காவலர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: இப்பந்தலில் ஒளிரும் விளக்குகளுக்குச் செலவான யூனிட் கணக்கை, நன்கொடையாளர் பட்டியலுக்கு அருகிலேயே அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுங்கள்.