புதுப் பொறியிற் பேச மறுக்கும் நூலகம்



சி என்னும் கணினி மொழியில் நிரல் எழுதுவோர், ஒரு வரியைத் திரையிற் காட்ட வேண்டின் "பிரின்ற்எவ்" என்று எழுதுவர். அவ்வேவலை நிறைவேற்றும் பகுதி மொழிக்குள் இல்லை. சி நூலகம் எனப்படும் தொகுதியில் உள்ளது. பழகிய பொறிகளுக்கு அந்நூலகம் ஆயத்தமாகவே கிடைக்கும். பழகாத பொறிக்கோ அதனை மூலத்திலிருந்து கட்டியெழுப்புதல் வேண்டும். அவ்வேளையில் தோன்றும் பிழைகளை எங்கே தேடுவது?

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் ஜோன்சனும் டெனிஸ் றிச்சியும், பிடிபி-11 என்னும் 16 பிற்றுப் பொறியில் வளர்ந்த யுனிக்ஸை இன்ரர்டேற்றா 8/32 என்னும் 32 பிற்றுப் பொறிக்குக் கொண்டுசெல்ல முற்பட்டனர். அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் வொல்லன்கொங் பல்கலைக்கழகத்தில் றிச்சாட் மில்லர் 7/32 என்னும் பொறியில் அதே பணியைத் தனியே செய்து முடித்தார். பழைய பொறி, ஈரெழுத்துக் கொண்ட ஒரு சொல்லின் தாழ்ந்த பாதியை முன்னே வைக்கும். புதியதோ உயர்ந்த பாதியை முன்னே வைக்கும். இவ்வேறுபாட்டை மறந்தால் "யு, என், ஐ, எக்ஸ்" என்னும் நான்கெழுத்தும் "என், யு, எக்ஸ், ஐ" என்று மாறிவிடும். இத்தகைய பிழைக்கு "நக்ஸி" என்றே பெயர் வழங்கலாயிற்று. நிரலில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. சொல்லாமற் கொண்ட ஊகமே பிழை. இவ்வகை ஊகங்களை முன்கூட்டியே சுட்டிக்காட்ட ஜோன்சன் "லின்ற்" என்னும் சோதனை நிரலை ஆக்கினார்.

தொகுப்பி உரத்த குரலிற் கூறும் பிழை நண்பனே எனலாம். வகுத்தற் கட்டளை இல்லாத பொறியில் வகுத்தற் சார்பைக் காணோம் என்று இணைப்பி முறையிட்டால், வேண்டியதைச் சேர்த்துவிடலாம். அஞ்சத்தக்கது மௌனமான பிழையே. கோப்பு முடிந்ததை நூலகம் குறை ஒன்று என்னும் எண்ணால் அறிவிக்கும். அதனை ஓரெழுத்துப் பெட்டியில் இட்டு வைத்த நிரல், எழுத்துக்குக் குறைக்குறி உண்டு எனக் கொள்ளும் பொறியிற் செவ்வனே ஓடும். ஏஆர்எம் பொறியின் லினக்ஸிலோ எழுத்துக்குக் குறைக்குறி இல்லை. எனவே அது 255 ஆகிவிடும். நிரலும் முடிவு காணாது சுழன்றுகொண்டே இருக்கும்.

இயக்கத் தொகுதியே இல்லாத சிறு பலகைகளுக்கு "நியூலிப்" என்னும் நூலகத்தைப் பலர் எடுத்தாளுவர். எழுத்தை வெளியே அனுப்புதல், நினைவிடம் ஒதுக்குதல் முதலிய சில சார்புகளை மட்டும் கட்டுவோரே எழுதிக் கொடுத்தல் வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, நூலகமும் குறையின்றிக் கட்டப்பட்டது, ஆயின் பலகை வாய் திறப்பதில்லை. கம்பியைக் குறைகூறி நாட்களை வீணாக்குவோர் பலர். முதலில் நூலகத்தை விலக்கி, அனுப்பும் சார்பை நேரே அழைத்து ஓரெழுத்தை அனுப்பிப் பார்த்தல் நன்று. எழுத்து வந்தால் கம்பியிற் குறையில்லை. அதன்பின் பார்க்க வேண்டியது, வெளியீடு செல்லுமிடம் முனையமா என நூலகம் வினவும் சார்புகளை. அங்கே "அன்று" என்னும் விடை எழுதப்பட்டிருந்தால், நூலகம் கோப்புக்கு எழுதுவதாக எண்ணித் தேக்கம் நிரம்பும்வரை எழுத்துகளைத் தன்னிடமே வைத்திருக்கும். "ஆம்" என்று விடையைத் திருத்தி மீண்டும் கட்டினால், அடுத்த வரிமுடிவுக் குறியுடன் எழுத்துகள் திரையில் வந்து நிற்கும்.