மணமாகா இளைஞரின் நகர வாழ்க்கை
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரைவிட்டு நகரஞ் சென்று, மணமாகாது தனித்திருந்து, தம் உழைப்பால் பொருளீட்டி வாழும் நம் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளாகும். கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசவேண்டிய தமிழாசிரியர், பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போவதையும் மலைக்குப் போவதையும் பற்றிப் பேசப் புகுந்தாரே எனச் சிலர் எண்ணுதல் கூடும். ஆயின், இவ்வவையில் அமர்ந்திருப்போருள் மகனையேனும் மகளையேனும் சென்னைக்கோ கோயமுத்தூருக்கோ பெங்களூருக்கோ அனுப்பாத குடும்பம் அரிது. அப்பிள்ளைகள் திங்கள் முதல் வெள்ளி வரை எங்ஙனம் வாழ்கின்றார்கள், சனி ஞாயிறுகளில் எங்குச் செல்கின்றார்கள், ஈட்டிய பொருளை எவ்வழியிற் செலவிடுகின்றார்கள் என்பவற்றை உள்ளபடி அறிந்தார் மிகச் சிலரே. அறியாது புகழ்வாரும், அறியாது பழிப்பாரும் பலர். ஆதலின் இதனை எடுத்துக்கொண்டோம். குறையுளதேல் பெரியோர் பொறுத்தருள்க.

பொருள் தேடும்பொருட்டு இல்லம் விட்டுப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. அகத்திணை நூலோர் அதனைப் பொருள்வயிற் பிரிவு எனத் தனியே வகுத்துரைத்தனர். எனினும் அக்காலப் பிரிவுக்கும் இக்காலப் பிரிவுக்கும் வேற்றுமை இரண்டு உள. அன்று பொருள்தேடப் பிரிந்தோன் தலைவன். இன்று மகளிரும் பிரிகின்றனர். அன்று பிரிந்தோன் மீண்டு வருவதற்கு ஒரு பருவங் குறித்துச் சென்றான். இன்று பிரிவோர்க்கு அங்ஙனங் குறித்த பருவம் இல்லை. இருபத்திரண்டு வயதிற் செல்லும் ஒருவர் முப்பது வயது வரையிலுங்கூடத் தனித்து வாழ நேர்கின்றது. இவ்வெட்டாண்டுகளை நாம் மணத்துக்குக் காத்திருக்குங் காலம் என ஒரு சொல்லாற் கழித்துவிடுகின்றோம். பொருளை ஆளவும், உடம்பைப் பேணவும், நட்பைத் தேரவும் ஒருவர் பழகும் பருவம் இதுவே. இப்பருவத்திற் படிந்த பழக்கமே பின்னர் இல்லறத்துக்கும் உடன்வரும் என்பதை மறத்தலாகாது.

இனி, அவ்வாழ்க்கை எத்தன்மைத்து என்பதைச் சிறிது நோக்குவோம். சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்ற பின்னர், பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினித் தொழில் நிலையங்கள் பல எழுந்தன. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என அச்சாலையைச் சார்ந்த ஊர்களிலெல்லாம் இளைஞர் தங்கும் விடுதிகள் பெருகின. பி.ஜி. என அவற்றை வழங்குவர். ஓர் அறையில் மூன்று கட்டில், நான்கு கட்டில். தலைமாட்டில் ஒரு சிறு அலமாரி. கைப்பேசிக்கு மின்னேற்றுதற்கு இருவர்க்கு ஒரு துளை. காலையிற் குளியலறை வாயிலில் வரிசை. நம் வீட்டில் தனியறை கேட்டு அடம்பிடித்த பிள்ளை, அங்கே முன்பின் அறியாத மூவருடன் விளக்கணைக்கும் நேரத்துக்கும் மின்விசிறியின் வேகத்துக்கும் உடன்படிக்கை செய்துகொண்டு வாழ்கின்றது. மேனாட்டு வாணிகத்துக்கு ஏற்ப இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்வாரும் உளர். அவர் உறங்கும் நேரம் ஊரார் உண்ணும் நேரம். உண்ணும் நேரம் ஊரார் உறங்கும் நேரம். விடுதி உணவு வாய்க்கு ஒவ்வாதாயின், கைப்பேசியில் விரல் வைத்த சிறிது பொழுதில் உணவு வாயிலுக்கு வந்துவிடும். அவ்வுணவின் விலையோடு கொண்டுவரும் கூலியும் சேர்ந்து, வீட்டில் நால்வர் உண்ணும் செலவு ஒருவர்க்கே ஆகிவிடுதலும் உண்டு.

எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி அங்ஙனம் சென்று வேலை பார்க்கின்றாள். ஒருமுறை கடுங்காய்ச்சல் கண்டு மூன்று நாள் படுக்கையிற் கிடந்தாள். உடனுறைவோர் இருவரும் இரவு வேலையினர். கஞ்சி காய்ச்சித் தருவார் இலர். அம்மூன்று நாளும் இரவில் தாயோடு பேசியபோதெல்லாம் 'நலமாக இருக்கிறேன், அம்மா' என்றே சொல்லி வந்திருக்கின்றாள். பின்னொருநாள் ஊர் வந்தபோது எம்மிடம் இதனைக் கூறினாள். 'தாயிடம் மறைப்பானேன், அம்மா?' என வினவினோம். 'சொன்னால், வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்பார்கள், ஐயா' என்றாள். அவ்விடை எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பிள்ளை ஓர் இடர் சொன்னவுடன், அவ்விடரைத் தீர்ப்பதை விடுத்து, அதன் வாழ்க்கையையே பறித்துக்கொள்வோம் என அஞ்சச் செய்துவிட்டோம். நோயை மறைக்கக் கற்ற பிள்ளை நாளைக் கடனையும் மறைக்கும். இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்; பின்னர் இதனோடு தொடர்புடைய ஒன்றைக் கூறுவோம்.

நிற்க. வார விடுமுறைக்கு வருவோம். ஐந்து நாள் நாற்காலியில் அமர்ந்து கண்ணாடித் திரையை நோக்கியிருந்தவர்க்கு ஆறாம் நாள் கால் நீட்டி நடக்கவும், மரத்தையும் கடலையும் காணவும் வேட்கை எழுதல் இயல்பு. வெள்ளி மாலை ஆனதும் நண்பர் நால்வர் கூடிப் புதுச்சேரிக்கோ, ஏலகிரிக்கோ, ஏற்காட்டுக்கோ புறப்பட்டுவிடுகின்றனர். இதனைக் கண்டு 'ஊர் சுற்றுகின்றார்கள்' எனப் பழித்தல் முறையன்று. நம் முன்னோர் தீர்த்த யாத்திரை சென்றிலரோ? ஆடிப்பெருக்கென்றும் மாசிமகமென்றும் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் கட்டுச்சோறு கொண்டு சென்றிலரோ? பெண்மக்கள் தோழியருடன் செல்வதையும் வேறொரு கண்ணாற் பார்த்தல் வேண்டா. எங்குச் செல்கின்றோம், எவருடன் செல்கின்றோம், எப்பொழுது மீள்வோம் என்பதை வீட்டுக்கு அச்சமின்றிச் சொல்லிச் செல்லும் பெண்ணே பாதுகாப்புடன் செல்லும் பெண். அச்சமூட்டுவோமாயின், செல்லுதல் நிற்காது; சொல்லுதலே நிற்கும்.

இளைஞர்க்கும் ஒரு சொல். பெரும்பொருள் செலவிட்டால்தான் செலவு இனிதாகும் என எண்ணற்க. எல்லோரும் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் ஒரே நாளிற் படையெடுத்ததால், 2024 மே 7 முதல் அவ்விடங்களுக்கு வண்டியிற் செல்வோர் முன்னரே இ-பாஸ் பெறவேண்டும் என்னும் முறை உயர்நீதிமன்ற ஆணையால் வந்தது. மலைப்பாதையில் வண்டி நெரிசலிற் கழியும் விடுமுறை ஓய்வாகுமா? சென்னையிலிருப்போர் காண அண்மையிலேயே எத்துணை இடங்கள் உள! மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-இல் உலகப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பெற்றன. செஞ்சிக் கோட்டை 2025-இல் அப்பெருமை எய்தியது. உத்தரமேரூரிற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லிற் காணலாம். கார்த்திகை முதல் மாசி வரை வேடந்தாங்கலிற் பறவைகளைக் காணலாம். 1851-இல் தோன்றி இன்று எழும்பூரில் விளங்கும் அருங்காட்சியகமும், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும் உள. காலையிற் சென்று மாலையில் மீளத்தக்க இவ்விடங்களுக்கு, விடுதியறை வாடகை இன்றிச் சிறுதொகையிற் சென்று வரலாம்.

இனிப் பொருள் வாங்குதலைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். இடர் மிக்க இடம் இதுவே யாகலின். கடைத்தெருவை விரும்புதல் குற்றமாகாது. மதுரையில் நாளங்காடியும் அல்லங்காடியும் பகலிரவு ஓயாது நடந்ததை மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. முதற்சம்பளம் வாங்கிய பிள்ளை, மாம்பலம் ரெயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவின் நெரிசலிற் புகுந்து, தாய்க்கொரு சேலையும் தந்தைக்கொரு கைக்கடிகாரமும் தங்கைக்கொரு சுடிதாரும் வாங்கிக்கொண்டு வியர்வையுடன் வெளிவருவதில் உள்ள இன்பம் பெரிது. அவ்வின்பத்தைக் கணக்குப் பார்த்துக் கெடுத்தல் வேண்டா.

ஆயின் இக்காலத்து அல்லங்காடி உள்ளங்கையில் இருக்கின்றது. நள்ளிரவிலும் திறந்திருக்கும் அதற்குக் கதவில்லை. 2016-இல் யூ.பி.ஐ. முறை வந்தபின் பணப்பையைத் திறக்க வேண்டுவதும் இல்லையாயிற்று. முன்னர் நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுக்குங்கால் பை மெலிதலைக் கை உணரும். இன்று பத்து ரூபாய்த் தேநீரும் பத்தாயிரம் ரூபாய்க் காலணியும் ஒரே விரலசைவில் முடிகின்றன. இருக்கும் பணத்தைச் செலவிடும் வரை இதனால் வரும் கேடு சிறிதே. இல்லாத பணத்தைச் செலவிடத் தொடங்குங்காலே பெருங்கேடு விளைகின்றது.

ஒரு கணக்குக் காட்டுவோம். மாத வருமானம் 30,000 ரூபாய் உடைய இளைஞன் ஒருவன் கடனட்டையில் 40,000 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்கினான் எனக் கொள்வோம். தவணை நாளில் முழுத்தொகையும் கட்ட இயலவில்லை. மாதம் 2,000 ரூபாய் கட்டினாற் போதும் என அட்டை கொடுத்தவர் கூறுகின்றனர். மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி கொள்ளும் அட்டைகள் உண்டு. அதன்படி வட்டி 1,400 ரூபாய். அவ்வட்டியின்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி 252 ரூபாய். ஆக 1,652 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே சென்றது. அவன் கட்டிய 2,000 ரூபாயில் அசலிற் குறைந்தது 348 ரூபாய் மட்டுமே! ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு வட்டி எனின், நம் ஊரில் கந்துவட்டி எனக் கூசுவோம். பளபளக்கும் அட்டையில் வருங்கால் கூசுவதில்லை. வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரத்தையும் நம்பிவிடலாகாது. வட்டியே இல்லாத கடன் என்பது இல்லை, அது வேறு கட்டணத்துள் மறைக்கப்படுகின்றது என ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எடுத்துரைத்தது.

இதனினுங் கொடியது கைப்பேசிச் செயலி வழியே வரும் கடன். சில செயலிகள் கடன் தருமுன் கைப்பேசியில் உள்ள பெயர்களையும் படங்களையும் கவர்ந்துகொண்டு, தவணை தவறியவுடன் உறவினர்க்கெல்லாம் இழிமொழி அனுப்பி மானத்தைப் பணயமாக்கின. கடன் செயலிகள் அங்ஙனம் பெயர்ப்பட்டியலையும் படங்களையும் எடுத்தலாகாது எனவும், கடன்தொகை வாங்குவோர் வங்கிக் கணக்குக்கே நேரே செல்லல் வேண்டும் எனவும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. விதியை மீறி எவரேனும் மிரட்டினால் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம். மிரட்டுவோன் வலிமை முழுவதும் ஒன்றிலேதான் இருக்கின்றது: 'இவன் வீட்டாரிடம் சொல்லமாட்டான்' என அவன் அறிந்திருத்தல். காய்ச்சலை மறைத்த பெண்ணைப் பற்றி முன்னர்க் கூறினோமே, அதன் தொடர்பு இஃதே. வீட்டார்க்கு முதலிற் சொல்லிவிட்ட பிள்ளையிடம் அம்மிரட்டல் செல்லாது. பத்தாயிரம் ரூபாய்க் கடனைத் தந்தை தீர்த்துவிடலாம். அதனைத் தந்தையிடம் சொல்ல அஞ்சி உயிரையே மாய்த்துக்கொண்டார் உளர் எனச் செய்தித்தாள்களிற் படிக்கின்றோம். இதனினும் பெரிய இழப்பு யாதுளது?

திருவள்ளுவர் வருவாயையும் செலவையும் ஒருங்குவைத்து ஆராயும் குறள்கள் சிலவற்றை வலியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதியில் அமைத்தார். படைவலியும் பகைவலியும் எண்ணவேண்டிய இடத்தில் கைப்பொருளின் அளவையும் எண்ணுவித்தது ஏன்? அளவறிந்து செலவிடுதலும் ஒரு வலிமையே என்பது அவர் கருத்தாகலின் என்க.

ஆதலின் இளைஞர்காள்! உங்கட்கு மூன்று கூறுகின்றோம். சம்பளம் வந்த நாளிலேயே சேமிப்பையும் வீட்டுக்கு அனுப்புவதையும் முதலில் ஒதுக்குக. எஞ்சியதை மனம் உறுத்தாமற் செலவிடுக. மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டிறுதியில் 18,000 ரூபாய் ஆகும். கடனின்றி ஓர் இனிய பயணம் அதிற் செல்லலாம். இரண்டாவது, மூன்று மாதச் செலவுக்குரிய தொகையைத் தொடாமல் வைத்திருங்கள். வேலை போயினும் நோய் வரினும் அது தாங்கும். மூன்றாவது, கடன் தலைக்கு மேல் ஏறுமுன் வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர்காள்! பிள்ளை ஊர் வந்தால் நாம் கேட்கும் வினா இரண்டு: 'சம்பளம் எவ்வளவு உயர்ந்தது?', 'கல்யாணத்துக்கு எப்போது சம்மதிக்கப் போகிறாய்?' இவற்றுக்கு முன்னர், 'நேரத்துக்கு உண்கின்றாயா? உறங்குகின்றாயா? உடன் இருப்போர் எத்தகையர்? கையிருப்புப் போதுமா?' எனக் கேட்போம். விடை கசப்பாயினும் சினவாது கேட்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வீடு வாங்கிவிட்டான் என ஒப்புநோக்குதலை விடுவோம். அவ்வொப்புநோக்கே பல பிள்ளைகளைத் தவணைக் கடைக்கு அனுப்புகின்றது.

நம் சங்கமும் செய்யத்தக்கது உண்டு. மாணவர்க்குப் பரிசளித்து மாலை சூட்டுவதோடு நம் கடமை முடிந்தது எனக் கொள்ளற்க. நகரங்களில் வாழும் நம் உறுப்பினர், புதிதாக வரும் பிள்ளைக்கு நல்ல விடுதி காட்டவும், நோயுற்றால் ஒருமுறை சென்று பார்க்கவும், இடருற்றால் வீட்டாரோடு பேசவும் முன்வருவார்களாயின், அவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சங்க அலுவலகத்திற் குறித்துவைத்துப் பெற்றோர்க்கு வழங்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டா. நல்லுள்ளம் இருந்தாற் போதும். இதனைச் செயற்குழுவினர் ஆராய்வார்களாக.

நகரத்தில் தனித்து வாழும் பிள்ளைகள் உழைத்து மகிழ்க. மலையுங் கடலுங் கண்டு மகிழ்க. வேண்டுவன வாங்கி மகிழ்க. அம்மகிழ்ச்சியையும் இடரையும் ஒருங்கே சொல்லுதற்குரிய இடமாக நம் இல்லங்கள் விளங்குக.